யாருடைய வக்கீல்? – நியமன மன்றமும் தேர்தல் மன்றமும்: வரலாறு தரும் மூன்று சான்றுகள்

அரபுக் கல்லூரியின் மேல்வகுப்பில் ஆட்சியியல் வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து வினா ஒன்றைத் தொடுத்தார். "திருமறை கலந்தாலோசிக்கச் சொல்கிறது, தேர்தல் நடத்தச் சொல்லவில்லை. அறிவும் நேர்மையும் வாய்ந்த பெரியோர்களை ஆட்சியாளரே தேர்ந்து அமர்த்தி, அவர்களோடு கலந்து பேசி ஆட்சி நடத்தினால் போதாதா? பணமும் கூச்சலும் பொய்ப் பரப்புரையும் மலிந்த தேர்தல் எதற்காக?" என்பது அவர் கேட்டது. அந்நேரத்தில் நான் சொன்ன விடை சுருக்கமானது. எனக்கே நிறைவு தராதது. எளிதில் தள்ளிவிடக் கூடிய வினாவும் அன்று அது. தேர்தல் காலத்து அலங்கோலங்களைக் கண்டு மனம் வெறுத்த நல்லோர் பலரும் உள்ளூர அப்படித்தான் எண்ணுகின்றனர். ஆகவே, அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய விடையை வரலாற்றின் துணைகொண்டு இங்கு எழுத முற்படுகிறேன்.

ஷூரா என்னும் கலந்தாய்வு நெறி ஆலுஇம்ரான் அத்தியாயத்தின் 159ஆம் வசனத்திலும், அந்நெறியின் பெயரையே தாங்கிய 42ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனத்திலும் சொல்லப்பட்டிருப்பதை யாவரும் அறிவர். ஆனால், யாரோடு கலந்தாய்வது, அவர்களைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்பவற்றின் நடைமுறை விவரங்கள் அவ்வக்கால மக்களின் பொறுப்பில் விடப்பட்டுள்ளன. கி.பி. 1058இல் மறைந்த மாவர்தீ, தம் 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' நூலில், தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தகுதி பெற்றோர் குறித்து விரிவாகப் பேசுகிறார். அவர்கள் நீதியும் அறிவும் உடையோராக இருக்க வேண்டும் என்கிறார். குறைந்த அளவு எத்தனை பேர் வேண்டும் என்பதில் ஐவர் என்றும் மூவர் என்றும் ஒருவரே போதும் என்றும் நிலவிய கருத்துகளையும் எடுத்துரைக்கிறார். ஆயின், அத்தேர்வாளர்களைத் தேர்வோர் யார் என்ற வினா ஒழுங்கான நடைமுறை விடை ஒன்றைப் பெறாமலே பல நூற்றாண்டுகள் கழிந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடனும் போரும் அந்நியர் நெருக்குதலும் ஒருசேர வந்து தாக்கியபோது அவ்வினா முஸ்லிம் நாடுகளின் வாயிற்கதவைத் தட்டிற்று. துனீசியா, உஸ்மானியப் பேரரசு, ஈரான் ஆகிய மூன்றும் அதற்கு அளித்த மூன்று விதமான விடைகளைக் காண்போம்.

துனிஸ்: அறுபதின்மர் அமர்ந்த மன்றம்

துனீசியா பெயரளவில் உஸ்மானிய சுல்தானுக்கு உட்பட்டதாயினும், 'பே' எனப்பட்ட பரம்பரை ஆட்சியாளர்களால் தன்போக்கில் ஆளப்பட்டு வந்தது. 1857இல் யூத வண்டியோட்டி ஒருவருக்கு மத நிந்தனைக் குற்றச்சாட்டில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. அதையொட்டி பிரெஞ்சு, பிரிட்டிஷ் தூதர்கள் நெருக்கடி கொடுத்தனர். விளைவாக, அதே ஆண்டு செப்டம்பரில் 'அஹ்துல் அமான்' எனும் பாதுகாப்பு உடன்படிக்கையை அன்றைய ஆட்சியாளர் முஹம்மது பே வெளியிட்டார். சமய வேறுபாடின்றிக் குடிமக்கள் அனைவரின் உயிருக்கும் உடைமைக்கும் அது காப்பு வழங்கிற்று. அவருக்குப்பின் வந்த முஹம்மது ஸாதிக் பே 1861இல் ஓர் அரசியல் சட்டத்தையே நடைமுறைக்குக் கொண்டுவந்தார். நவீன காலத்தில் அரபு நாடொன்று கண்ட முதல் எழுத்து வடிவ அரசியல் சட்டம் அதுவே எனலாம்.

அச்சட்டத்தின் வாசகங்களை மட்டும் படிப்பவர் வியப்படைவார். 'மஜ்லிஸுல் அக்பர்' என்னும் மாமன்றத்தின் இசைவின்றிச் சட்டம் இயற்றலாகாது; வரி விதிக்கலாகாது. ஆட்சியாளரே சட்டத்தை மீறினால் மாமன்றத்தின்முன் விடை சொல்லக் கடமைப்பட்டவர். தலைவராக அமர்ந்தவர் கைருத்தீன் பாஷா. அக்காலத்து முஸ்லிம் உலகின் தலைசிறந்த அரசியல் சிந்தனையாளருள் ஒருவர். வரலாற்றாசிரியர் இப்னு அபீ ழியாஃப் போன்ற அறிஞர்களும் அம்மன்றத்தில் வீற்றிருந்தனர். என் மாணவர் விரும்பிய மன்றம், அறிஞர்களும் அனுபவசாலிகளும் நிறைந்த, தேர்தல் ஆரவாரமற்ற மன்றம், இதுவன்றோ!

குறை ஒன்றுதான். அதன் உறுப்பினர்கள் அறுபது பேரும் நியமிக்கப்பட்டோர். மூன்றில் ஒரு பங்கினர் அமைச்சர்களும் அரசு அதிகாரிகளும் படைத்துறையினரும். எஞ்சியோர் ஊர்ப் பெரியோர். எவரையும் எந்த ஊர் மக்களும் தேர்ந்து அனுப்பவில்லை. அரசாங்கத்தின் கடிவாளத்தைக் கையில் வைத்திருந்தவர் முதன்மை அமைச்சர் முஸ்தஃபா கஸ்னதார். கருவூலத்தைத் தம் சொந்தப் பையாகக் கருதியவர் என்று வரலாறு அவரைப் பழிக்கிறது. அமைச்சர்களைக் கண்காணிக்க அமைந்த மன்றத்தில் அமைச்சர்களும் அவர்தம் ஆதரவாளர்களுமே நிறைந்திருந்தால் கண்காணிப்பு எங்ஙனம் நிகழும்? கைருத்தீன், கஸ்னதாரின் மருமகன்; உறவைப் பொருட்படுத்தாது முரண்பட்டார். எனினும் அவருக்குப் பின்னால் நிற்க எந்தத் தொகுதியும் இல்லை. அவர் சொல்லுக்கு வலிமை கூட்ட எந்த மக்கள் திரளும் இல்லை. 1862இல் தலைமைப் பதவியைத் துறந்து வெளியேறுவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லாமல் போயிற்று.

அடுத்த ஆண்டே, 1863இல், பாரிஸ் நகரத்து வங்கியாளர் எர்லாங்கரிடம் மூன்றரைக் கோடி ஃபிராங்கு கடன் எழுதப்பட்டது. தரகும் கழிவும் போக நாட்டின் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு. வட்டியோ முழுத் தொகைக்கு. அக்கடனைத் தீர்க்க அரசு கண்ட வழி, 'மஜ்பா' என்னும் தலைவரியை 36 ரியாலிலிருந்து 72 ரியாலாக இரட்டிப்பது. மாமன்றம் இதைத் தடுத்து நிறுத்தவில்லை. 1864இல் அலீ பின் கிதாஹிம் தலைமையில் பழங்குடிகள் கிளர்ந்தெழுந்தனர். கடற்கரைச் சிற்றூர்களும் சேர்ந்துகொண்டன.

இங்கு ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கிளர்ச்சியாளர்கள் வரியைக் குறைக்குமாறு மட்டும் கேட்கவில்லை. புதிய அரசியல் சட்டத்தையும் அதன் நீதிமன்றங்களையும் நீக்குமாறு கேட்டனர். தம் உரிமையைக் காக்கவென்று எழுதப்பட்ட சட்டத்தையே மக்கள் எதிர்த்தார்கள்! அவர்களது அறியாமை என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. அச்சட்டம் வந்தபின் அவர்கள் கண்டது இரட்டிப்பான வரியை; வழக்காடத் தொலைதூரம் செல்ல வேண்டிய அலைச்சலை. அம்மன்றத்தில் தம்முடையவர் என்று சுட்டிக்காட்ட அவர்களுக்கு ஒருவரும் இல்லை. மக்கள் பங்குபெறாத மன்றத்தைக் காக்க மக்கள் முன்வரமாட்டார்கள் என்பது இங்கு மெய்ப்பிக்கப்பட்டது. அரசு தயக்கமின்றி 1864இலேயே அரசியல் சட்டத்தை நிறுத்திவைத்தது. அதற்காக ஒருவரும் கண்ணீர் சிந்தவில்லை. 1869இல் நாட்டின் நிதி பிரெஞ்சு, பிரிட்டிஷ், இத்தாலியக் கடன்காரர்களின் பன்னாட்டு ஆணையத்திடம் சிக்கியது. 1881 மே 12இல் கையெழுத்தான பார்தோ ஒப்பந்தம் துனீசியாவைப் பிரெஞ்சுக் காப்பாட்சியாக்கிற்று.

அதே 1861இல் பிரிட்டிஷ் இந்தியாவிலும் கவுன்சில்கள் சட்டம் நிறைவேறி, வைஸ்ராயின் மன்றத்தில் இந்தியர் சிலர் நியமனம் பெற்றனர் என்பதை ஒப்புநோக்கலாம். மன்னர்களும் திவான்களும் பெருநிலக்கிழார்களும் அங்கு அமர்ந்தனர். நிதி நிலையைப் பற்றி வினா எழுப்பும் உரிமை அவர்களுக்கு இல்லை.

இஸ்தான்பூல்: அனுப்பப்பட்டவர்களின் குரல்

உஸ்மானியப் பேரரசின் எழுத்தாளர் நாமிக் கமால் 1868இல் லண்டனிலிருந்து வெளிவந்த 'ஹுர்ரிய்யத்' இதழில், கலந்தாய்வு பற்றிய குர்ஆனின் கட்டளையையே முன்வைத்துப் பிரதிநிதித்துவ மன்றம் வேண்டும் என வாதிட்டார். பேரரசு 1875இல் தன் கடன்களுக்கான தவணையை முழுமையாகச் செலுத்த இயலாமல் தடுமாறியது. பால்கனில் கிளர்ச்சிகள் மூண்டன. இந்நிலையில் மித்ஹத் பாஷாவின் முயற்சியால் 1876 டிசம்பர் 23இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது அரசியல் சட்டத்தை வெளியிட்டார். 1877 மார்ச் 19இல் தோல்மாபாஹ்சே அரண்மனையில் நாடாளுமன்றம் திறந்துவைக்கப்பட்டது.

அதன் கீழவைக்கு 'மஜ்லிஸே மப்ஊஸான்' என்று பெயர். அரபு இலக்கணம் பயின்றோர்க்கு 'மப்ஊஸ்' என்பது செயப்பாட்டு வினையாலணையும் பெயர் என்பது தெரியும்: 'அனுப்பப்பட்டவர்'. மக்களால் அனுப்பப்பட்டவர் என்பது கருத்து. நடந்த தேர்தல் முழுமையான மக்கள் தேர்தல் அன்று. மாகாண நிர்வாகக் குழுக்களே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தன. எனினும் அவர்கள் சுல்தானால் பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள் அல்லர். அரபியர், துருக்கியர், அர்மீனியர், கிரேக்கர், அல்பேனியர், யூதர் எனப் பல இனத்தவரும் ஒரே கூடத்தில் அமர்ந்தனர்.

விளைந்த மாற்றம் வியப்புக்குரியது. பணிவாகத் தலையசைத்துக் கலைந்துவிடுவார்கள் என்று அரண்மனை எதிர்பார்த்தவர்கள் வினாக்களைத் தொடுக்கலாயினர். பத்திரிகைச் சட்டத்தை விவாதித்தனர். வரிவசூல் முறைகேடுகளை அம்பலப்படுத்தினர். ரஷியாவுடனான போரில் படைத்தலைவர்கள் செய்த தவறுகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டனர். ஜெருசலத்தின் உறுப்பினர் யூசுஃப் ழியா அல்காலிதி, அரசியல் சட்டத்தை அரசே மீறுவதை அஞ்சாது சுட்டிக்காட்டினார்.

1878 பிப்ரவரியில் ரஷியப் படை தலைநகரை நெருங்கிவிட்டது. பிரிட்டிஷ் கடற்படையின் வருகை குறித்துக் கருத்தறிய சுல்தான் கூட்டிய அவையில் உறுப்பினர் சிலரும் அழைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் துணி வணிகர் குழுவின் தலைவர் அஹ்மத் எஃபந்தி. எங்கள் கருத்தைக் காலம் கடந்து கேட்கிறீர்கள். அழிவைத் தடுக்க இயன்ற காலத்தில் கேட்டிருக்க வேண்டும். எங்களைக் கலக்காமல் நேர்ந்தவற்றுக்கு மன்றம் பொறுப்பேற்காது என்னும் பொருள்பட அவர் சுல்தானின் முகத்துக்கு நேரே கூறினார். மறுநாளே, பிப்ரவரி 14 அன்று, மன்றம் ஒத்திவைக்கப்பட்டது. அல்காலிதி உள்ளிட்ட உறுப்பினர் சிலர் தலைநகரை விட்டு வெளியேறப் பணிக்கப்பட்டனர். முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் 1908இல்தான் அக்கதவு மீண்டும் திறந்தது.

துனிஸில் பேரறிஞர் கைருத்தீனால் இயலாததைச் சாதாரணத் துணி வணிகர் ஒருவர் எவ்வாறு செய்ய முடிந்தது? அறிவிலும் வீரத்திலும் கைருத்தீன் குறைந்தவர் அல்லர். ஆனால் அவர் அமர்ந்திருந்த இருக்கை ஆட்சியாளர் கொடுத்தது. கொடுத்தவர் முகம் சுளித்தால் எழுந்துவிட வேண்டியது. வணிகரின் இருக்கை அவரை அனுப்பியவர்கள் கொடுத்தது. ஆகவே மன்றத்தைப் பூட்டியே அவரது வாயை அடைக்க வேண்டியதாயிற்று.

தெஹ்ரான்: பணப்பையின் திறவுகோல்

ஈரானின் காஜார் மன்னர் முஸஃப்பருத்தீன் ஷா 1900இலும் 1902இலும் ரஷியாவிடம் பெருங்கடன் பெற்றார். அதில் கணிசமான பங்கு அவரது ஐரோப்பியப் பயணங்களுக்கே செலவாயிற்று. சுங்க வருவாய் கடனுக்கு ஈடாகப் போயிற்று. 1905 டிசம்பரில் சர்க்கரை விலையைக் காரணம் காட்டி தெஹ்ரான் ஆளுநர் வணிகர்களை உள்ளங்காலில் அடிப்பித்தார். கடைவீதி மூடப்பட்டது, உலமாப் பெருமக்கள் வணிகர்களுடன் சேர்ந்துகொண்டனர். 1906 கோடையில் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்டோர் பிரிட்டிஷ் தூதரக வளாகத்தில் தஞ்சம் புகுந்து அமர்ந்தனர். ஆகஸ்டு 5இல் ஷா பணிந்தார். அக்டோபர் 7இல் முதல் மஜ்லிஸ் கூடிற்று.

இளவரசர், உலமாக்கள், உயர்குடியினர், நிலக்கிழார், வணிகர், கைத்தொழிற் குழுவினர் என ஆறு வகுப்பாரும் தத்தம் பிரதிநிதிகளைத் தேர்ந்தனர். குறைகளும் இருந்தன. பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. மொத்த இடங்கள் 156இல் 60 தலைநகருக்கே ஒதுக்கப்பட்டன. ஆயினும் கைத்தொழிற் குழுக்களுக்கு தெஹ்ரானில் மட்டும் 32 இடங்கள் கிடைத்தன. முன்னர் அரண்மனை வாயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் காத்து நின்ற கடைவீதியார், அமைச்சர்களுக்கு எதிரில் அமர்ந்து கணக்குக் கேட்டனர்.

அம்மன்றம் முதலில் செய்த பெருஞ்செயல் என்ன? ரஷியாவிடமும் பிரிட்டனிடமும் மீண்டும் கடன் வாங்க அரசு கொண்டுவந்த திட்டத்தை 1906ஆம் ஆண்டு முடியுமுன்னரே அது மறுத்தது. அந்நியக் கடனுக்குப் பதிலாக நாட்டின் சொந்த வங்கி ஒன்றைத் தொடங்கலாம் என்றது. தொடர்ந்து, வேண்டியவர்களுக்கு நிலவருவாயை எழுதிக்கொடுக்கும் 'துயூல்' முறையை ஒழித்தது. அரண்மனைச் செலவைக் குறைத்தது. 1863இன் துனிஸையும் 1906இன் தெஹ்ரானையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் கடனில் மூழ்கிய அரசு. இரண்டிலும் ஒரு மன்றம். அங்கு கடனும் வந்தது, வரியும் இரட்டித்தது. இங்கு கடன் மறுக்கப்பட்டது. கடனைத் தம் உழைப்பால் அடைக்க வேண்டியவர்களின் ஆட்கள் ஒரு மன்றத்தில் இருந்தனர், மற்றதில் இல்லை.

1908 ஜூன் 23இல் புதிய மன்னர் முஹம்மது அலீ ஷாவின் ஆணைப்படி, ரஷியத் தளபதி லியாகோவின் படையினர் மஜ்லிஸ் கட்டடத்தைப் பீரங்கியால் சுட்டனர். ஆனால் துனிஸில் நடந்தது இங்கு நடக்கவில்லை. தப்ரீஸ் நகர மக்கள் பட்டினியோடு முற்றுகையைத் தாங்கிப் போராடினர். 1909 ஜூலையில் அரசியல் சட்ட ஆதரவுப் படைகள் தெஹ்ரானுள் நுழைந்தன. ஷா அரியணை இழந்தார். தம்முடையது என்று மக்கள் கருதிய மன்றத்துக்காக அவர்கள் உயிரையும் கொடுத்தனர். இரண்டாம் மஜ்லிஸையும் 1911 டிசம்பரில் ரஷிய மிரட்டல் மூடச்செய்தது. வல்லரசின் பீரங்கியைத் தேர்தல் தடுத்துவிடும் என்று எவரும் வாதிடவில்லை. உள்ளிருந்தே நாட்டை விலைபேசுவதைத்தான் அது தடுக்கும்.

வகாலத்தும் அமானிதமும்

ஈரானில் மன்ற உறுப்பினரை 'வகீல்' என்றே அழைத்தனர். தமிழில் நாம் அன்றாடம் வழங்கும் வக்கீல், வக்காலத்து ஆகியவற்றின் மூலச்சொல்லே அது. இச்சொல்லை வைத்துத்தான் அங்கு பெரும் விவாதமே எழுந்தது. ஷைக் ஃபழ்லுல்லாஹ் நூரி, பொதுக் காரியங்கள் வகாலத்துக்கு உரியவை அல்ல, தகுதிபெற்ற மார்க்க அறிஞரின் பொறுப்புக்கு உரியவை என மறுத்தார். அதற்கு விடையாக அமைந்தது நஜஃப் நகர அறிஞர் முஹம்மது ஹுசைன் நாயீனீ 1909இல் எழுதிய 'தன்பீஹுல் உம்மா'. அவர் ஆட்சியை இரு வகையாகப் பிரித்தார்: நாட்டைத் தன் சொத்தாகக் கருதும் ஆட்சி ஒன்று, அதைத் தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகக் கருதும் ஆட்சி மற்றொன்று. பாவத்திலிருந்து காக்கப்படாத மனிதனின் கையில் அதிகாரம் இருக்கும்போது அவனது உள்ளத்து இறையச்சத்தை மட்டும் நம்பியிருக்கலாகாது, புறத்தேயும் ஒரு காவல் வேண்டும் என்றார். வரி செலுத்தும் மக்களுக்கு அது செலவாகும் விதத்தைக் கண்காணிக்கும் உரிமை உண்டு என்றும் வாதிட்டார். அவர் ஷியாப் பிரிவின் அறிஞர். அவர்தம் அடிப்படைகள் சிலவற்றில் நாம் வேறுபடலாம். ஆனால் அமானிதம் பற்றிய அவரது வாதம் நம் அனைவருக்கும் பொதுவானது.

ஃபிக்ஹ் நூல்களில் வகாலத் பாடம் படித்த மாணவர் எவரும் அதன் எளிய விதிகளை அறிவர். வகீலை அமர்த்துபவர் முவக்கில். உரிமைக்குச் சொந்தக்காரர் அவரே. அமர்த்தியவருக்கே விலக்கும் உரிமையும் உண்டு. எதிர்வாதி எனக்காக ஒரு வக்கீலை அமர்த்தித் தந்தால், அவர் எவ்வளவு பெரிய மேதையாயினும் என் வக்கீல் ஆகார். நியமன மன்றத்தின் நோய் இதுவே. நியமிக்கப்பட்டவர் மக்களைப் பற்றிப் பேசலாம்; மக்களுக்காகவும் பேசலாம்; மக்களின் சார்பில் பேச இயலாது. அவர் யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவருடைய வக்கீலாகவே இருக்கிறார்.

அப்படியாயின் அறிவுக்கு இடமில்லையா என்று கேட்கலாம். அறிவுரை வேறு, அதிகாரம் வேறு. நீர்ப்பாசனம் குறித்துப் பொறியாளரிடமும் நோய் குறித்து மருத்துவரிடமும் மன்றம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் எவர் நிலத்தில் வாய்க்கால் வெட்டுவது, எவர் பையிலிருந்து பணம் எடுப்பது என்பவை அறிவு ஒன்றால் மட்டும் முடிவாகும் காரியங்கள் அல்ல. இழப்பவரின் இசைவும் வேண்டும். தேர்தலில் தீயோரும் வெல்வர் என்பதும் உண்மை. ஆயினும் வாக்குப் பெற்று வந்த தீயவரை அடுத்த தேர்தலில் விலக்கலாம். கஸ்னதாரைத் துனீசிய மக்களால் விலக்க முடியவில்லை. அவர் பல்லாண்டுகள் அதிகாரத்தில் நீடித்து, நாட்டின் நிதி அந்நியர் கைக்குப் போனபின் 1873இல்தான் பதவி இழந்தார்.

தேர்தல் என்ற பெயர் மட்டும் போதாது என்பதற்கும் அதே துனீசியா சான்று தருகிறது. 2011 அக்டோபரில் அந்நாட்டு மக்கள் வரிசையில் நின்று அரசியல் நிர்ணய சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபை உருவாக்கிய அரசியல் சட்டம் 2014இல் நடைமுறைக்கு வந்தது. கட்சிகளின் ஓயாத பூசலால் மனம் சலித்த மக்களில் பலர், 2021 ஜூலை 25இல் அதிபர் கைஸ் சயீத் நாடாளுமன்றத்தை முடக்கியபோது தெருவில் இறங்கிக் கொண்டாடினர். 2022 மார்ச்சில் மன்றம் கலைக்கப்பட்டது. அதிகாரம் பெரிதும் குறைக்கப்பட்ட புதிய மன்றத்துக்கு அவ்வாண்டு டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும் நடந்த இரு சுற்றுத் தேர்தல்களில் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ 11 விழுக்காட்டினரே. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் தன் கடமையை மறந்தாலும், தேர்தல் நடந்தும் மன்றத்துக்கு அதிகாரம் இல்லாமற் போனாலும், மக்கள் அதைத் தம்முடையது என்று எண்ணுவதை விட்டுவிடுகின்றனர். 1864இல் கண்ட அதே அந்நியத்தன்மை மீண்டும் தலைகாட்டுகிறது.

என் மாணவரின் வினாவுக்கு வருகிறேன். நல்லோரைக் கலந்து ஆட்சி செய்யும் நல்ல ஆட்சியாளர் ஒருவர் அமைந்தால் அது பேறு. அதனை மறுப்பார் இல்லை. ஆனால் ஆட்சியமைப்பு என்பது நல்லவர் வரும் நாளுக்காக மட்டும் எழுதப்படுவதன்று. அவர் போன மறுநாளுக்காகவும் எழுதப்படுவது. கலந்தாய்வை விரும்பும் ஆட்சியாளர் தாமே பெரியோரை அழைத்துப் பேசுவார். கலந்தாய்வை வெறுப்பவர் பதவியில் இருக்கும்போதும் கலந்தாய்வு நடந்தே தீர வேண்டுமானால், கலந்துபேசப்படுவோர் அவரால் அழைக்கப்பட்டவர்களாக இருத்தல் ஆகாது. மக்களால் அனுப்பப்பட்டவர்களாக இருத்தல் வேண்டும். அந்தத் துணி வணிகர் சுல்தானிடம் சொன்னதன் பொருள் அதுவே. காலம் கடந்தபின் கேட்கப்படும் கருத்து ஷூரா ஆகாது.